ஸ்கோப்பையும் ட்ரைபாடையும் எதில் தூக்குவது? சேலத்தில் பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

சேலத்தில் புதிதாக ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வாங்கியவர்கள் "எந்த ஏரிக்குப் போனா நல்லா இருக்கும்?" என்று கேட்கும்போது நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். அதை எதில் தூக்கிக்கொண்டு போவீர்கள்? பெரும்பாலும் வருகிற பதில், "அதான் கூடவே ஒரு பை குடுத்தாங்களே". அந்தப் பை அலமாரியில் வைக்க நல்லது, ஏரிக்கு ஆகாது. ஒரு தோளில் அதன் மெல்லிய பட்டை, இன்னொரு தோளில் ட்ரைபாட் என்கிற முக்காலித் தாங்கி, கழுத்தில் பைனாகுலர் என்று மூக்கனேரிக் கரையில் ஒரு நடை நடந்தால் போதும், தோள்பட்டை கன்றிப்போகும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் ட்ரைபாட் வீட்டில் தங்கும், ட்ரைபாட் இல்லாமல் முப்பது மடங்கு உருப்பெருக்கத்தில் எதையும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது என்பதால் ஸ்கோப்பும் அதோடு தங்கிவிடும். எனக்குத் தெரிந்தே நல்ல நல்ல ஸ்கோப்புகள் இப்படிக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், ஸ்கோப்புக்கு என்று பணம் ஒதுக்கும்போதே முதுகில் மாட்டுகிற பைக்கும் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி, எந்தப் பை என்று பார்ப்போம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே எடுக்க வேண்டிய அளவுகள்

முதலில் எடை. பயணப் பெட்டி எடை பார்க்கிற சின்னத் தூக்குத் தராசு இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள், இல்லையென்றால் குளியலறைத் தராசில் நீங்கள் மட்டும் ஒரு முறை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். பொதுவாக முன் லென்ஸ் 65 மி.மீ. அகலமுள்ள ஸ்கோப் ஒன்றேகால் கிலோவை ஒட்டி வரும், 80 மி.மீ. என்றால் ஒன்றேமுக்கால், இரண்டு கிலோ. அலுமினிய ட்ரைபாட் அதன் தலையோடு, அதாவது ஸ்கோப்பைப் பிடித்துத் திருப்புகிற மேல்பகுதியோடு சேர்த்து இரண்டரை மூன்று கிலோ, கார்பன் ஃபைபர் என்றால் இரண்டு கிலோ பக்கம். ஆக நாலு, ஐந்து கிலோ கருவி மட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, டிபன் டப்பா, குறிப்பு நோட்டு, மழைக்கோட்டு எல்லாம் போட்டால் ஏழு கிலோவைத் தொட்டுவிடும். இந்த ஏழை மனதில் வைத்துத்தான் பை பார்க்க வேண்டும், பலர் ஸ்கோப்பின் எடையை மட்டும் கணக்கில் எடுத்து ஏமாறுகிறார்கள்.

அடுத்தது நீளம். ட்ரைபாடை முழுதாக மடக்கித் தலையோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள், அறுபதிலிருந்து எழுபத்தைந்து செ.மீ. வரை இருக்கும். ஸ்கோப்பை அதன்மேல் மாட்டியபடியே, முதுகில் இருக்கும் நிலையில் சாய்த்து இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள். இப்போது ஒரு மீட்டரைத் தொட்டிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். இந்த இரண்டாவது அளவுதான் பின்னால் மலையில் உங்களோடு சண்டைக்கு வரப்போவது.

கடைசியாக உங்கள் முதுகு. இதற்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைத்துத் தெரியும், அங்கே தையல் டேப்பின் நுனியை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் தொடுங்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே முதுகெலும்பு வரை டேப் இறங்கட்டும். அந்த நீளம்தான் பையின் முதுகு நீளமாக இருக்க வேண்டும். ஆள் உயரமாக இருந்தாலும் முதுகு குட்டையாக இருக்கலாம், அதனால் உயரத்தை வைத்துக் கடைக்காரர் எடுத்துத் தருகிற அளவை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் போவது ஏரிக்கா, மலைக்கா?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரங்கள், இங்கெல்லாம் வேலை ஒரே மாதிரிதான். கரையில் நூறடி நடப்போம், நிற்போம், பார்ப்போம், மறுபடி நடப்போம். மூக்கனேரியில் நடுத் திட்டுகளில் மரங்கள் வளர்ந்த பிறகு பறவைகள் கரையை விட்டு அங்கேதான் உட்காருகின்றன, பைனாகுலரில் பார்த்தால் கூழைக்கடா என்பது வரை தெரியும், அதன் அலகிலுள்ள புள்ளி தெரிய ஸ்கோப் வேண்டும். மேட்டூரில் தண்ணீர் இறங்கியிருக்கும் மாதங்களில் சேற்றோரத்தில் உள்ளான் கூட்டம் எங்கேயோ ஒரு கோடு மாதிரித் தெரியும். இந்த இடங்களில் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, ட்ரைபாடின் மேலேயே அது இருக்க வேண்டும், முதுகிலிருந்து இறக்கிக் காலை விரித்தால் உடனே பார்க்க வேண்டும்.

ஏற்காடு வேறு. சேர்வராயன் கோயில் மலை 1,623 மீட்டர் உயரம், இந்த மலைத்தொடரிலேயே உச்சி அதுதான், அங்கே மேலே நின்றால் சுற்றிலும் வெட்டவெளி, தூரத்தில் வட்டமிடுகிற கழுகை ஸ்கோப்பில் பிடிக்கலாம். பகோடா பாயின்ட், கரடியூர் மாதிரியான இடங்களும் அப்படித்தான். ஆனால் அதற்கு நடுவே காப்பித் தோட்டப் பாதைகள், உண்ணிச்செடிப் புதர்கள், தாழ்ந்த கிளைகள், கிளியூர் அருவிக்கு இறங்குவது போன்ற படிகள். இங்கே முதுகுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் மாட்டும். இங்கே ஸ்கோப் பைக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக்கு நீங்கள் போவது காப்பித் தோட்ட நிழலில் மரங்கொத்தியும் குக்குறுவானும் பார்க்க என்றாலோ, பாறைச் சரிவுப் புதர்களில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேட என்றாலோ ஸ்கோப்பை எடுத்துப் போகவே வேண்டாம். அந்தச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளுக்கே உரிய பறவை, சேர்வராயன் மலைக்கும் அது சொந்தம், அது புதருக்குள் தாவுகிற வேகத்துக்கு ஸ்கோப்பைத் திருப்பவே முடியாது. பைனாகுலரோடு இலகுவாகப் போய்விட்டு வாருங்கள்.

என்னென்ன வகை இருக்கிறது

மிக மலிவானது பையே இல்லாத வழி. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரைக் குழாய் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ட்ரைபாடின் மூன்று கால்களின் மேல்பகுதியிலும் அதை நீளவாக்கில் கீறி மாட்டி, துணி டேப் சுற்றிவிட்டால் தோளில் சாய்த்துத் தூக்கும்போது உலோகம் எலும்பை அழுத்தாது. கார்த்திகை மார்கழிக் குளிரில் விடியற்காலை அலுமினியத்தைத் தொடுகிற கைக்கும் நல்லது. காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடப்பவர்களுக்கு இதுவே போதும், வேறெதுவும் வாங்கத் தேவையில்லை.

அடுத்த வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ட்ரைபாடின் கால்களிலேயே கட்டிவிடுகிற தோள்பட்டைச் சேணம். இங்கிலாந்தில் கடற்கரைச் சதுப்புகளில் பறவை பார்ப்பவர்களிடையே இது ரொம்பப் பழக்கம், ஸ்கோபேக், மியூல்பேக் என்ற பெயர்களில் அங்கே விற்கிறார்கள். முதுகில் படுகிற மெத்தைப் பலகை, இரண்டு தோள்பட்டைகள், நோட்டும் தண்ணீரும் வைக்கச் சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். ட்ரைபாடின் இரண்டு கால்கள் இந்தச் சேணத்தோடு கட்டப்பட்டிருக்கும், மூன்றாவது கால் தனியே நிற்கும். முதுகிலிருந்து இறக்கி மூன்றாவது காலை இழுத்து விரித்தால் சேணம் இரண்டு கால்களுக்கும் நடுவே தொங்கிக்கொண்டே இருக்கும், கழற்ற வேண்டியதில்லை. அறையில் தண்ணீர்ப் புட்டி இருந்தால் அந்த எடையே ட்ரைபாடைக் காற்றில் அசையாமல் பிடிக்கும். ஏரிக்கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கட்டணம், சுங்கவரி எல்லாம் சேர்ந்து விலை எகிறும், அதனால் இங்கேயே தைத்துக்கொள்வதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இதன் குறை, பாரம் மேலே இருப்பது. ஸ்கோப் உங்கள் பிடரிக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. நிமிர்ந்து நடக்கும்போது ஒன்றும் தெரியாது, செருப்பு வாரை மாட்டக் குனிந்தீர்கள் என்றால் முழு எடையும் தலைக்கு மேலாக முன்னால் தள்ளும். படியிறங்கும்போதும் அப்படித்தான். அதனால்தான் மலைக்கு இதை நான் சொல்வதில்லை.

மலைக்கு மூன்றாவது வகை, அதாவது இடுப்புப் பட்டையுள்ள மலையேற்ற முதுகுப்பை. முப்பதிலிருந்து நாற்பது லிட்டர் கொள்ளளவு போதும். ஸ்கோப் அதன் மெத்தை உறையோடு பைக்குள், முதுகை ஒட்டிய பக்கம், தோள் எலும்புகளுக்கு நடுவே வருகிற உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு சால்வையோ மழைக்கோட்டோ மடித்து வைத்தால் உயரம் சரியாக வரும். ட்ரைபாடை வெளியே கட்ட வேண்டும், அதைப் பக்கவாட்டு வலைப்பையில் செருகாதீர்கள். பெரும்பாலான பைகளின் விளம்பரப் படத்தில் பக்கவாட்டில்தான் செருகியிருக்கும், ஆனால் இரண்டரை கிலோ ஒரே பக்கம் தொங்கினால் அரை மணி நேரத்தில் மறுபக்க இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும். முதுகுப்பையின் பின்புறம் நட்டநடுவே, கால்கள் கீழே ஒரு பட்டையில் நிற்க, மேலே ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கிற பையைத் தேடுங்கள்.

கேமராக்காரர்களின் மெத்தைப் பைகளும் இருக்கின்றன. உள்ளே சதுரம் சதுரமாக அறைகள் இருக்கும், ஸ்கோப் நீளமானது, அதை வைக்கத் தடுப்புகளையெல்லாம் பிடுங்க வேண்டியிருக்கும். பையின் சொந்த எடையே இரண்டு கிலோ வரை போகும். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

எனக்கு ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் வாங்கிய ஒரு பை, பார்க்கக் கெட்டியாக இருந்தது. ஏற்காட்டில் ஒரு படிக்கட்டுப் பாதையில் ஏறி வரும்போது வலது தோள்பட்டை அதன் மேல் தையலிலேயே விட்டுவிட்டது. பை ஒரு பக்கமாகத் தொங்கியது, நான் பிடிப்பதற்குள் ட்ரைபாடின் தலை பாறையில் இடித்து, கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸின் ரப்பர் வளையம் கிழிந்தது. லென்ஸ் தப்பியது. வீட்டுக்கு வந்து அந்தத் தையலைப் பார்த்தேன், மூன்று விரல் அகலப் பட்டையை ஒரே ஒரு நேர்க்கோட்டுத் தையலில் நிறுத்தியிருந்தார்கள், நூல் அறுந்த இடத்தில் துணிக்கு ஒரு சேதமும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கிற ஓர் அண்ணனிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பட்டையை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது பள்ளிக்கூடப் பைக்குப் போடுற தையலுங்க. பாரம் தொங்குற எடத்துல கட்டம் போட்டு உள்ள பெருக்கல் போடணும்" என்றார். சொல்லிக்கொண்டே பட்டையின் நுனியை உள்பக்கம் மடித்து, மடித்த இடத்தின்மேல் ஒரு சதுரம் தைத்தார், ஊசியைத் தூக்காமல் அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக ஓட்டினார், பழைய துளைகளுக்கு அரை அங்குலம் தள்ளி. அந்தப் பட்டை இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பையை எடுத்தாலும் முதலில் நான் பார்ப்பது இந்தச் சதுரமும் பெருக்கலும்தான். தோள்பட்டை பையோடு சேருகிற மேல் முனை, கீழ் முனை, இடுப்புப் பட்டை சேருகிற இடம், மேலே தூக்குகிற கைப்பிடி, எல்லா இடங்களிலும் அது இருக்க வேண்டும், அல்லது நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய தடித்த தையலாவது இருக்க வேண்டும்.

மெத்தை அடுத்தது. தோள்பட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நன்றாக அழுத்துங்கள். இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொடுவது போல் உணர்ந்தால் அது வெறும் ஸ்பாஞ்ச், ஒரு பருவத்துக்குள் சப்பையாகிவிடும். ஈவா நுரை என்றால் அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்கும், விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பட்டை அகலம் நாலு விரலுக்குக் குறையக் கூடாது.

பக்கிள்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் நல்லது, உடைந்தால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். ஜிப்பை மூலை வளைவுகளில் ஐந்தாறு முறை ஒரே கையால் இழுத்துப் பாருங்கள். துணி கெட்டியாக, உட்புறம் தண்ணீர் புகாத பூச்சோடு இருக்கட்டும். நிறம்? பச்சை, பழுப்பு, மண் நிறம் எதுவானாலும் சரி, பளீர் ஆரஞ்சும் வெள்ளையும் வேண்டாம்.

மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கடைக்குப் போகும்போது உங்கள் கருவியையே எடுத்துப் போங்கள். அது முடியாதென்றால் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று போதும், இணையத்தில் வாங்கினாலும் வந்த அன்றே வீட்டில் இதைச் செய்து பாருங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள்.

மாட்டுகிற வரிசை முக்கியம். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்குங்கள், தொப்புளுக்கு மேலே ஏறிவிடக் கூடாது. பிறகு தோள்பட்டைகள், அவை தோளைச் சுற்றி ஒட்டி நிற்க வேண்டும், பாரத்தைத் தாங்கக் கூடாது. தோளுக்கு மேலே இரண்டு சின்னப் பட்டைகள் பையின் தலைக்குப் போகும், அவற்றை இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். மார்புப் பட்டை கடைசி. சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள, தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். நுழையவே முடியவில்லை என்றால் முதுகு நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

அப்படியே மாடிப்படி மூன்று முறை ஏறி இறங்குங்கள், ஒரு முறை தரையில் கிடக்கிற எதையாவது குனிந்து எடுங்கள், ஒரு முறை வாசற்படியைக் குனிந்து தாண்டுங்கள். தலை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பறவை பார்க்கிறவர் தலையை அண்ணாந்தால் பிடரி ட்ரைபாடின் தலையில் இடிக்கக் கூடாது. இடித்தால் பட்டையைக் கீழே இறக்கிக் கட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்தப் பை வேண்டாம்.

பைனாகுலர் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைனாகுலரின் மார்புச் சேணத்தை முதலில் மாட்டிக்கொண்டு அதற்கு மேல் முதுகுப்பையை மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறை பையை இறக்கும்போதும் பைனாகுலரையும் கழற்ற வேண்டிவரும், பறவை பறந்துபோகிற நேரத்தில் பட்டைகள் பின்னிக்கொள்ளும்.

கடைசிச் சோதனை கைக்கடிகாரம் வைத்து. முதுகில் பை இருக்கிறது, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது. இறக்கி, விரித்து, காக்கையின் கண் தெளிவாகத் தெரிகிற வரை எவ்வளவு நேரம்? கால்களில் கட்டுகிற சேணத்தில் அரை நிமிடத்துக்குள் வர வேண்டும். உள்ளே ஸ்கோப் வைக்கிற பையில் இரண்டு நிமிடம் ஆகலாம், அது குறையில்லை. அதற்கு மேல் போனால் பையின் வாய் அமைப்பு சரியில்லை, மேலே மட்டும் திறக்கிற பையாக இருக்கும். முன்புறம் முழுதாகத் திறக்கிற ஜிப் உள்ளதை வாங்குங்கள்.

இங்கேயே தைத்துக்கொள்வது

லாரித் தொழில் நிறைந்த ஊர் நம்முடையது, சேலத்திலும் சங்ககிரியிலும் கெட்டித் துணியும் நைலான் பட்டையும் தைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கால்களில் கட்டுகிற சேணத்தைத் தைக்கச் சிக்கலான வடிவம் எதுவும் வேண்டாம். பழைய மலையேற்றப் பை ஒன்றின் தோள்பட்டைகளையும் மெத்தை முதுகையும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், பை கிழிந்திருந்தாலும் இவை நன்றாகவே இருக்கும். முதுகுப் பலகையின் பின்புறம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றிலும் பக்கிள். அவை ட்ரைபாடின் இரண்டு கால்களைச் சுற்றிப் பிடிக்கும். கால்களில் மேலே சொன்ன கறுப்பு நுரையைச் சுற்றிவிட்டால் பட்டை வழுக்காது. கீழ்ப் பட்டை கால்களின் நீட்டுகிற பகுதியில் கட்டப்படக் கூடாது, கட்டினால் காலை நீட்டவே முடியாது, மேல் குழாயின் அடிப்பகுதியிலேயே நிற்க வேண்டும். தைக்கக் கொடுக்கும்போது ட்ரைபாடை எடுத்துப் போய் அவர் கண் முன்னால் விரித்தும் மடக்கியும் காட்டுங்கள். வாயால் விளக்கினால் ஒரு தடவைக்கு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும்.

பட்டைக்கு நைலான் கேளுங்கள். பாலிப்ரொப்பிலீன் பட்டை மலிவு, ஆனால் வெயிலில் காய்ந்து நார் நாராக உதிரும், நம் ஊர் வெயிலுக்கு அது ரொம்பச் சீக்கிரம் நடக்கும்.

வண்டியிலும் பேருந்திலும்

பாதிப் பேருக்கு மேல் இருசக்கர வண்டியில்தான் போகிறோம். ஏற்காட்டுக்கு என்றால் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் போகும்போது ஸ்கோப்பை ட்ரைபாடின்மேல் மாட்டியபடி முதுகில் வைக்கவே கூடாது. ஹெல்மெட்டின் பின்புறம் அதில் மோதும், திரும்பிப் பார்க்க முடியாது, வளைவில் சாயும்போது மேலே இருக்கிற எடை உங்களையும் சேர்த்து இழுக்கும். கழற்றி உறையில் போட்டு ஸ்கோப்பைப் பைக்குள் வையுங்கள், ட்ரைபாட் நடுவில் நேராக. ட்ரைபாடின் பாதங்கள் சீட்டில் இடித்துப் பையைத் தோளுக்கு மேலே தூக்கினால் ஒரு கை அளவு மேலே ஏற்றிக் கட்டுங்கள். குறுக்காகக் கட்டுவதும், ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சாய்த்து வைப்பதும் வேண்டாம், வளைவில் எதிரே வருகிற பேருந்துக்கு ஓர் அங்குல இடைவெளிதான் இருக்கும்.

வண்டியின் அதிர்வில் ஒரு காரியம் நடக்கும். ஸ்கோப்பின் அடியில் ட்ரைபாட் தட்டைப் பிடிக்கிற கால் அங்குலத் திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை ஒரு நாணயத்தாலோ சாவியாலோ இறுக்கிவிடுங்கள். அதோடு ஸ்கோப்பின் கழுத்திலிருந்து ட்ரைபாடுக்கு ஒரு முழ நைலான் கயிறு கட்டிவைப்பது நல்ல பழக்கம், தட்டு கழன்றாலும் ஸ்கோப் தரைக்குப் போகாது.

பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேல் பலகையில் போட்டால் மூன்றாவது வளைவிலேயே உருண்டுவிடும்.

காட்டுப் பாதையில் சில விஷயங்கள்

ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டு மாடு நடமாட்டம் உண்டு, விடியற்காலையிலும் அந்திநேரத்திலும் பாதையிலேயே நிற்கும். பார்த்துவிட்டால் சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்க வேண்டும், அப்போது பை கிளையில் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அதனால் தொங்குகிற பட்டை நுனிகளையெல்லாம் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். மார்பு, இடுப்புப் பக்கிள்களை ஒரே கையால் விடுவிக்கப் பழகிக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், தோட்டம் என்றால் உரிமையாளரையோ மேஸ்திரியையோ கேட்டுவிட்டுத்தான்.

கறுப்பு உறைக்குள் நீளமாக முதுகில் இருப்பதைப் பார்த்தால் துப்பாக்கியோ என்று தோட்டத்து ஆட்கள் யோசிப்பார்கள். விரித்து நிறுத்தினால், "நெலம் அளக்க வந்திருக்கீங்களா?" என்பார்கள். இரண்டுமே அவர்களுக்குக் கவலை தருகிற விஷயம், அதனால் அவர்கள் கேட்கும் முன்பே நாமே சொல்லிவிட வேண்டும். நான் ட்ரைபாடின் தலை தெரிகிற மாதிரிப் பையைத் திறந்தே வைப்பேன், யாராவது வந்து நின்றால், "அக்கா, இதுல ஒரு தடவ பாருங்க" என்று விலகிக்கொள்வேன். ஒரு முறை ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அப்படிப் பார்த்துவிட்டு, தினமும் பார்க்கிற முக்குளிப்பானின் கண் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது என்றார். அதற்கப்புறம் நான் வருகிற நாட்களில் அவரே வந்து திட்டுப் பக்கம் கை காட்டிச் சொல்வார்.

முதல் ஒரு மாதம்

வாங்கிய உடனே மலைக்குக் கிளம்ப வேண்டாம். இரண்டு வாரம் மூக்கனேரியில் பழகுங்கள், பட்டைகள் உங்கள் உடம்புக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்ததும் அந்த இடங்களில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள், வீட்டில் வேறு யாராவது மாட்டிக் கழற்றினாலும் திரும்ப அளவு வைக்க அலைய வேண்டாம். பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணி இ-பேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்றினால் போதும், தொடங்குகிறவர்களும் கலந்துகொள்ளலாம். வலசை வந்த பறவைகள் ஏரிகளில் இருக்கிற சமயம் அது, நான்கு நாளும் வெவ்வேறு ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பையின் குறை நிறை எல்லாம் தெரிந்துவிடும்.

ஏற்காட்டு மூடுபனியில் நனைந்துவிட்டு வந்தால் அன்றிரவு பையை அப்படியே மூடி வைக்காதீர்கள். ஈர மெத்தை உறைக்குள் இருக்கிற லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் துடைத்து எடுக்க முடியாது. ஸ்கோப்பை வெளியே எடுத்து மூடிகளைத் திறந்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள், பையின் எல்லா ஜிப்பையும் திறந்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ட்ரைபாடின் கால்களை முழுதாக நீட்டி ஈரத்துணியால் ஏரிச் சேற்றைத் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு தடவை. மறுநாள் காலையில் மடக்கி வைக்கலாம், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவிடுங்கள்.